மூத்தாள் பேர் எழுதிய வண்டி

என்னைப் பெண் பார்க்க அவர் தன்னுடைய லோடு வண்டியில்தான் வந்தார். நல்லூரில் எங்கள் தெரு குறுகலானது. வண்டியைத் தெருமுனைக் குழாயடியில் நிறுத்திவிட்டு, அக்காவோடும் அக்கா வீட்டுக்காரரோடும் நடந்து வந்தார். தண்ணீர் பிடிக்கிற சாக்கில் என் சித்தி போய்ப் பார்த்துவிட்டு வந்து காதில் சொன்னாள்.

"வண்டி நெத்தியில பொம்பள பேரு எழுதியிருக்குதுடி. மஞ்ச எழுத்து, சுத்தி செவப்பு. அவங்க அம்மா பேரா இருக்கும்."

அம்மா பேர் இல்லை. அது அவருடைய மூத்தாளின் பேர். அவர் சம்சாரத்தைப் பறிகொடுத்தவர் என்று தெரிந்துதான் வரச் சொல்லியிருந்தோம். எனக்கும் முப்பது தாண்டியிருந்தது. ஜாதகத்தில் தோஷம் என்று வந்த வரன்களெல்லாம் திரும்பிப் போயிருந்தன. காபி கொடுத்த பிறகு, தனியாக ரெண்டு வார்த்தை பேச வேண்டும் என்றார். தோட்டத்துப் பக்கம் போய் நின்றோம். அவர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"வண்டி அவ நகைய வித்து வாங்குனது. அதனால அவ பேர எழுதுனேன். இப்ப அவ இல்ல. ஆனா பேர எடுக்க மனசு வரல. கல்யாணத்துக்கு அப்புறம் எடுங்கன்னு கேக்கக் கூடாது. அத மட்டும் முன்னாடியே சொல்லிடறேன்."

மறைக்காமல் சொல்கிறாரே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. "இருக்கட்டுங்க" என்றேன். ஒரு பேர்தானே. அந்தப் பேரோடும் சேர்த்துக் குடித்தனம் பண்ண வேண்டியிருக்கும் என்று அப்போது எனக்கு எப்படித் தெரியும்?

விருத்தாசலத்தில் செராமிக் கம்பெனிகளுக்குப் பின்னால் இருந்த ஒரு வரிசை வீட்டில் குடித்தனம் தொடங்கியது. அவர் ஏற்றுகிற சரக்கு பெரும்பாலும் ஊறுகாய் ஜாடி, அகல் விளக்கு, கரண்டு கம்பத்துக்கு வைக்கிற பீங்கான். நவராத்திரி நெருங்கினால் பொம்மை. வைக்கோல் போட்டு அடுக்கி, கயிறு கட்டி, பண்ருட்டி, சிதம்பரம், கும்பகோணம் என்று கொண்டுபோய் இறக்கிவிட்டு வருவார். கொஞ்ச நாளில் நானும் ஒரு ஜாடி கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். அச்சிலிருந்து எடுத்த ஈர ஜாடிக்குக் கைப்பிடிக் காது ஒட்டுகிற வேலை. காது சரியாக ஒட்டாவிட்டால் சூளையில் தனியாகக் கழன்று விழுந்துவிடும்.

கம்பெனிகளில் அந்த வண்டியை யாரும் நம்பர் சொல்லியோ அவர் பேர் சொல்லியோ கூப்பிட்டதில்லை. மூத்தாளின் பேரைச் சொல்லி, "அந்த வண்டி வந்துடுச்சு, ஏத்துங்க" என்பார்கள். அவர் அந்த வண்டிக்காரர். நான் அந்த வண்டிக்காரர் சம்சாரம். ஒரு நாள் மேஸ்திரி தூரத்திலிருந்து என்னைக் கூப்பிட நினைத்து, அவசரத்தில் மூத்தாளின் பேரையே சொல்லிக் கத்திவிட்டார். நானும் திரும்பி, "என்னாங்க?" என்றேன். பக்கத்தில் இருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். நான் சிரித்தேன். பிறகுதான் அவர்கள் சிரித்தார்கள்.

அவளைப் பற்றி எனக்குச் சொன்னதெல்லாம் அந்தப் பெண்கள்தான். அவளும் இதே கொட்டகையில்தான் வேலை பார்த்திருக்கிறாள். சிரித்தால் ரோட்டுக்குக் கேட்குமாம். மாசமாக இருந்தபோது தொட்டி விளிம்பில் காய்ந்து நிற்கிற களிமண்ணைக் கிள்ளி வாயில் போட்டுக்கொள்வாளாம். கையில் அடித்தால், "கொஞ்சமா உப்பு கரிக்குதுடி, நல்லா இருக்குது" என்பாளாம். ஏழாம் மாசம் வலிப்பு வந்து வயிற்றுப் பிள்ளையோடு போய்விட்டாள். அவர்கள் சொன்னது அவ்வளவுதான். அவரிடம் நான் மேலே கேட்கவில்லை.

தினமும் காலையில் அவர் முன் கண்ணாடியைக் கழுவுவார். கடைசியில் ஈரத்துணியைப் பிழிந்து அந்தப் பேரைத் துடைப்பார். ஒரு முழம் பூவைச் செருகி, எழுத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் சாவியைப் போடுவார். நான் வாசலில் நின்று பார்ப்பேன். எனக்குக் கோபம் என்று இருந்ததில்லை. ஆனால் சாயங்காலம் வண்டிச் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தால், முதலில் கண்ணில் படுவது அவள் பேர்தான். அதற்குப் பிறகுதான் அவர் இறங்கி வருவார். சில நாள் அது மனசுக்கு என்னவோ போல இருக்கும்.

எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. என் அம்மா பார்க்க வந்தபோது மெதுவாகப் பேச்சைத் தொடங்கினாள். "கொழந்த பேர வண்டியில எழுதலாமே மாப்ள."

"கொழந்த பேர எழுதக் கூடாதுங்க. ரோட்டுல போறவன் கண்ணெல்லாம் அது மேல படும்" என்றார்.

அம்மா ஊருக்குப் போன பிறகு நான் விளையாட்டாகக் கேட்டேன். "அப்ப என் பேரு?"

"நீதான் வூட்ல இருக்கியே" என்றார்.

அதை ஆசையாகச் சொன்னாரா, பேச்சை முடிக்கச் சொன்னாரா என்று எனக்கு இன்று வரை பிடிபடவில்லை.

ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு புங்கமரத்தடியில் லோடு வண்டிகள் நிற்கும். மத்தியானம் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனால், அவர் சாப்பிட்டு முடிக்கிற வரை நான் அங்கேயே உட்கார்ந்திருப்பேன். டிரைவர்கள் பேசுவதில் பாதி வண்டிப் பேர் பற்றித்தான் இருக்கும். பழைய வண்டி வாங்குகிறவர்கள் எல்லோருக்கும் அந்தப் பிரச்சினை இருந்தது. வேறு யாரோ பெற்ற பிள்ளையின் பேர், வேறு யாரோ கும்பிட்ட சாமியின் பேர் வண்டியோடு கூட வரும். அதை எடுப்பதா விடுவதா?

ஓடுகிற வண்டிக்குப் பேர் மாற்றக் கூடாது என்பதில் எல்லோரும் ஒத்துப்போவார்கள். மாற்றியே ஆகவேண்டும் என்றால் என்ன செய்வது என்பதில்தான் சண்டை. செவ்வாய்க்கிழமை ஆகாது, ஆடி மாசம் ஆகவே ஆகாது என்பார் ஒருவர். பிளேடு வைத்துச் சுரண்டினால் வண்டிக்குக் காயம், அது ஞாபகம் வைத்திருந்து திருப்பிக் கொடுத்துவிடும் என்பார் இன்னொருவர். டிரைவர் பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற கண்ணாடிதான் வண்டியின் காதாம். அதன் பக்கத்தில் நின்று பழைய பேரைச் சொல்லி, போகச் சொல்லி, மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். பழைய பேரை எடுத்துவிட்டுப் புதுப் பேர் எழுதுகிற வரைக்கும் அது பேரில்லாத வண்டி. வழியில் போகிற எது வேண்டுமானாலும் அதில் ஏறி உட்கார்ந்துகொள்ளுமாம். அதனால் அந்த நேரத்தில் ஆற்றையும் தாண்டக் கூடாது, தண்டவாளத்தையும் தாண்டக் கூடாது.

"இந்த ஊர்ல ரெண்டையும் தாண்டாம எங்கடா போறது, கக்கூசுக்கா?" என்று ஒருவர் கேட்பார். எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்த அதே ஆட்கள் வெள்ளிக்கிழமை சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்க மறக்க மாட்டார்கள்.

செத்துப்போனவர் பேர் என்றால் இன்னும் கெடுபிடி. அதை யார் வேண்டுமானாலும் தொட முடியாது. அந்த ஆள் பிறந்த வீட்டிலிருந்து ரத்த உறவு ஒருத்தர் வந்துதான் முதல் எழுத்தை எடுக்க வேண்டும். எடுத்த பெயிண்டு காலில் படாமல் தண்ணீரில் போய்ச் சேர வேண்டும். இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் அவர் தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார். யாரும் அவரைப் பார்த்துச் சொன்னதில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

குழந்தை நடக்கத் தொடங்கியிருந்த சமயம், ஒரு விடியற்காலையில் பெண்ணாடத்துக்குப் பக்கத்தில் வண்டி கவிழ்ந்தது. முன்னால் கரும்பு ஏற்றிப் போன டிராக்டரின் டிப்பரில் பின் விளக்கு இல்லை. கிட்டே வந்த பிறகுதான் தெரிந்திருக்கிறது. ஸ்டியரிங்கை ஒடித்திருக்கிறார். வண்டி பள்ளத்தில் இறங்கிப் படுத்துவிட்டது. ஏற்றியிருந்த ஜாடி அத்தனையும் நொறுங்கிப்போனது. அவருக்கு வலது கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. ஆஸ்பத்திரியில் பிளேட் வைத்துக் கட்டுப் போட்டு, வெகுநாள் கழித்துத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அவருடைய அக்கா பார்க்க வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்த உடனே ஆரம்பித்துவிட்டார்.

"அவ கூப்புடறாடா. ஆச அடங்காம போனவ. தெனம் பேரத் தொட்டுத் தொட்டுக் கும்புட்டா வராம என்னா பண்ணுவா? இந்த வாட்டி காலோட உட்டா. பேர எடுத்துடு."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நாத்தனார் என்னைப் பார்த்தார். "நீயாவது சொல்ல மாட்டியா? தாலி உன் கழுத்துலதான இருக்குது?" நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அதை நான் எப்படிச் சொல்வேன்? சொன்னால், இவளுக்கு எப்போதுமே அந்தப் பேர் கண்ணை உறுத்தியது என்றுதானே ஊர் சொல்லும்?

வண்டியைப் பட்டறையில் சரிபண்ணிவிட்டார்கள். நெற்றித் தகடு நசுங்கவே இல்லை. எழுத்து அப்படியே இருந்தது. அவர் எழுந்து நடக்கிற வரைக்கும் வண்டி சும்மா நிற்க முடியாது, ஆக்டிங் டிரைவர் பார்க்கலாம் என்று நான் புங்கமரத்தடிக்குப் போனேன். ஒருவரும் சாவியை வாங்கவில்லை. ஒருவர் வேலை இருக்கிறது என்றார், ஒருவர் ஊருக்குப் போகிறேன் என்றார். கடைசியில் ஒருவர்தான் நேராகச் சொன்னார்.

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. எனக்கும் சின்னப் புள்ளைங்க இருக்குது. அந்தப் பேரு இருக்கற வரைக்கும் நான் அதுல ஒக்கார மாட்டேன். எடுத்துட்டுச் சொல்லுங்க, மறுநாளே வரேன்."

வீட்டுக்கு வந்து அதை அப்படியே அவரிடம் சொன்னேன். அவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது கூப்பிட்டார்.

"அத்தை வந்து எடுத்தாங்கன்னா எடுக்கட்டும். வேற யாரும் கை வைக்கக் கூடாது."

அத்தை என்றால் மூத்தாளின் அம்மா. மணிமுத்தாற்றுக்கு அந்தப் பக்கம், பாலத்தை ஒட்டி ஒரு வீட்டில் தனியாக இருந்தார்கள். வீட்டிலேயே அகல் விளக்கு பிடித்துக் கம்பெனிக்குக் கொடுப்பார்கள். என் மகள் பிறந்தபோது ஒரே ஒருமுறை வந்து, கையில் ஒரு கவுனைக் கொடுத்துவிட்டு, உட்காராமலே போய்விட்டார்கள். அதற்கப்புறம் கம்பெனி வாசலில் எதிர்ப்பட்டால் தலையசைப்போம். அவ்வளவுதான் பழக்கம்.

நான் போனபோது பலகை மேல் ஈர விளக்குகளை வரிசையாகக் காய வைத்துக்கொண்டிருந்தார்கள். உட்காரச் சொன்னார்கள். நான் தயங்கித் தயங்கி எல்லாவற்றையும் சொன்னேன். வண்டி கவிழ்ந்ததை, நாத்தனார் சொன்னதை, டிரைவர்கள் சொன்னதை. அவர்கள் விளக்குகளை ஒவ்வொன்றாக வெயில் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டே கேட்டார்கள். நான் முடித்த பிறகு கடைசி விளக்கையும் திருப்பி வைத்தார்கள்.

"எம் பொண்ணு பேரு ரேஷன் கார்டுல இருந்துச்சு. அடிச்சுட்டாங்க" என்றார்கள். "ஓட்டு லிஸ்ட்டுல இருந்துச்சு. எடுத்துட்டாங்க. எரிச்ச எடத்துல கல்லு வைக்கற வழக்கம் நமக்கு இல்ல. அந்த வண்டி ஒண்ணுதான் மிச்சம். தெனம் காலைல இந்தப் பாலத்து மேல போவும். நான் இங்கேருந்து பாத்துக்கினு நிப்பேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனா மஞ்சளா தெரியும்ல? அது அவதான்."

எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. எழுந்துவிட்டேன். "வேணாம்மா. பேரு அப்படியே இருக்கட்டும். வண்டி நிக்கட்டும். நான் வேலைக்குப் போயி பாத்துக்கறேன்."

"ஒக்காரு" என்றார்கள். மண் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். "அவ போனது அந்த வண்டியிலதான். தெரியுமா ஒனக்கு?"

தெரியாது என்று தலையசைத்தேன்.

"வலிப்பு வந்த ஒடனே கையில கெடச்ச வண்டின்னு அதுலயே ஏத்திட்டோம். மாப்ள ஓட்டுனாரு. பின்னாடி வைக்கோல் மேல நானு, எம் மடியில அவ. கடலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறோம். மந்தாரக்குப்பம் தாண்டல, எனக்குத் தெரிஞ்சு போச்சு. ஒடம்பு தெரியும்ல, பெத்தவளுக்கு? ஆனா நான் சொல்லல. சொன்னா அவரு வண்டிய எதுலயாவது வுட்டுடுவாரு. அவரு திரும்பித் திரும்பி, 'எப்படி இருக்குறா அத்தை, எப்படி இருக்குறா'ன்னு கேக்கறாரு. நான் அவகிட்ட பேசிக்கினே வந்தேன். 'இதோ வந்துட்டோம்டி, கொஞ்சம் பொறுத்துக்கடி, தண்ணி வேணுமா'ன்னு. அவருக்குக் கேக்கணும்னு சத்தமா பேசுனேன். கடலூர் வரைக்கும்."

இதைச் சொல்லும்போது அவர்கள் அழவில்லை. நான்தான் அழுதேன். என் முதுகில் கை வைத்தார்கள். கை சில்லென்று இருந்தது.

"அந்தப் பேர அவரு தெனம் கும்புடறாருன்னு கேள்விப்பட்டு எனக்கு சந்தோசமா இருந்துச்சு. இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா மனுசன் உசுரோட இருக்கணும்ல? ஒனக்கும் ஒரு புள்ள இருக்குது. வரேன். என்னிக்குன்னு மட்டும் சொல்லி அனுப்பு."

ஆவணி மாசத்தில் ஒரு புதன்கிழமை காலை. பட்டறைக்காரர்கள் வண்டியை எங்கள் வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பெயிண்டர் தின்னர் பாட்டிலும் உப்புத்தாளும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். என் வீட்டுக்காரரைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து பிளாஸ்டிக் சேரில் உட்கார வைத்தேன். கட்டுப் போட்ட கால் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. அந்த அம்மா துவைத்த புடவை கட்டி, சின்னப் பித்தளைச் சொம்பில் மஞ்சள் தண்ணீர் கலந்து எடுத்துக்கொண்டு பாலத்து வழியாக நடந்தே வந்தார்கள்.

பெயிண்டர் மரியாதையாக முறையைச் சொன்னார். "அந்தக் கண்ணாடிகிட்ட நின்னு பேரச் சொல்லணும்மா. சொல்லிட்டு, போயிட்டு வான்னு சொல்லுங்க."

அவர்கள் போய் டிரைவர் பக்கத்துக் கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்றார்கள். மந்திரம் போல எதுவும் சொல்லவில்லை. தெருவில் விளையாடுகிற பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி மகளின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். "வாடி. வந்துடு. நம்ம வூட்டுக்குப் போலாம்."

சேரில் உட்கார்ந்திருந்தவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

பெயிண்டர் ஸ்டூல் போட்டு உப்புத்தாளைக் கொடுத்தார். அவர்கள் வாங்கவில்லை. "அது உரசும். துணி குடு." பழைய வேட்டித் துணியைத் தின்னரில் நனைத்துக் கொடுத்தார். ஸ்டூலில் ஏறி நின்ற அவர்களை நான் இடுப்போடு பிடித்துக்கொண்டேன். துணியை எழுத்துப் பக்கம் கொண்டுபோனவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"எதும்மா மொத எழுத்து?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்கள்.

நான் அவர்கள் கையைப் பிடித்து முதல் எழுத்தின் மேல் வைத்தேன். பிறகு அழுத்தித் துடைக்கத் தொடங்கினார்கள். மஞ்சள் கரைந்து கண்ணாடியில் வழிந்தது. சிவப்புக் கரை கடைசி வரைக்கும் போகாமல் நின்றது. நிறைய நேரம் ஆனது. எல்லா எழுத்தும் போன பிறகு மஞ்சள் தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டு இறங்கினார்கள்.

"என்னா பேரு எழுதறது?" என்று பெயிண்டர் கேட்டார்.

"இவ பேர எழுது" என்று அந்த அம்மா என்னைக் காட்டினார்கள்.

"வேணாம்மா" என்றேன்.

"ஏன்?"

"என்னிக்காவது ஒரு நாள் யாராவது வந்து தொடைக்கணும்ல?"

சேரில் இருந்தவர் துண்டை விலக்காமலே, "சாமி பேரு எழுதச் சொல்லு" என்றார். கொளஞ்சியப்பர் துணை என்று வெள்ளை எழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார் பெயிண்டர்.

துடைத்த துணியைத் தண்ணீரில் விட வேண்டும். ஆற்றில் தண்ணீர் இல்லை. மணலும் முள்ளும்தான். நானும் அந்த அம்மாவும் பாலத்தடியில் இறங்கித் தேடினோம். மணல் அள்ளின பள்ளம் ஒன்றில் மழைத்தண்ணீர் கொஞ்சம் தேங்கியிருந்தது. அதில் துணியை முக்கி ஒரு கல்லை எடுத்து மேலே வைத்தார்கள். தின்னர் வாசனையோடு தண்ணீர் மேல் ஒரு மஞ்சள் படலம் பரவியது. "போதும், வா" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்கள்.

சொன்னபடி அந்த டிரைவர் மறுநாளே வந்து சாவியை வாங்கிக்கொண்டார். வண்டி ஓடியது. இவர் கட்டுப் பிரித்து, கம்பு ஊன்றி நடந்து, பிறகு கம்பில்லாமல் சாய்ந்து சாய்ந்து நடந்தார். அடுத்த கோடையில் திரும்பவும் தானே ஓட்ட ஆரம்பித்தார். காலையில் கண்ணாடியைக் கழுவுவார். கழுவி முடித்ததும் கை பழக்கத்தில் மேலே போகும். போய்விட்டு, தொடாமல் இறங்கிவிடும். பேச்சு ரொம்பக் குறைந்துபோனது. குழந்தையோடு மட்டும் பேசுவார். மூத்தாள் பேர் வண்டியில் இருந்தபோதுகூட அவர் இவ்வளவு தூரத்தில் இருந்ததில்லை என்று எனக்குத் தோன்றும். அதை யாரிடம் சொல்வது?

அதற்கு அடுத்த வருஷம், சரக்கை இறக்கிவிட்டு வந்து புங்கமரத்தடியில் உட்கார்ந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எனக்கு ஆள் வந்து சொன்னபோது நான் ஜாடிக்குக் காது ஒட்டிக்கொண்டிருந்தேன். களிமண் கையோடு ஓடினேன்.

வீட்டில் கிடத்தியிருந்தபோது நாத்தனார் வந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அழுகையின் நடுவே பேச்சும் வந்தது. "இத்தன வருசம் காவலா இருந்தவ பேரத் தொடைச்சுட்டாங்களே! வண்டியில இருந்தவள வெரட்டி வுட்டுட்டாங்களே! அவ சும்மா போவாளா? தம்பியயும் கூட்டிக்கினு போயிட்டாளே!" பேரை எடு என்று முதலில் சொன்னவரே அவர்தான். சுற்றியிருந்த சில பெண்களும் ஆமாம் என்பதுபோல என்னைப் பார்த்தார்கள்.

கூட்டத்துக்குள்ளிருந்து அந்த அம்மா எழுந்து வந்தார்கள்.

"ஏம்மா, பேரு இருந்தப்பதான வண்டி கவுந்துச்சு? அப்ப அவ கூப்புட்டான்னு சொன்ன. இப்ப பேரு இல்ல. இப்பவும் அவதான் கூப்புட்டாங்கற. எம் பொண்ணு அந்த வண்டியிலதான் செத்தா. அவ பேருதான் அதுல எழுதியிருந்துச்சு. அவள யாரு கூப்புட்டா? சொல்லு."

அவர்கள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தூக்கிப் போகிற வரைக்கும் அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை.

காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லோரும் கிளம்பின பிறகு ஒரு நாள் காலையில் வாசலில் வந்து நின்றார்கள். கையில் ஒரு கட்டைப்பை. "நீ வேலைக்குப் போனா புள்ளைய யாரு பாப்பாங்க? நான் பாத்துக்கறேன்" என்றார்கள். நான் பையை வாங்கி உள்ளே வைத்தேன். அன்றிலிருந்து எங்களோடுதான் இருக்கிறார்கள்.

வண்டியை அந்த டிரைவரே வாங்கிக்கொண்டார். அவர் வந்து எடுத்த காலையில், அப்பா வண்டியைக் கொண்டுபோகிறார்கள் என்று என் மகள் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்று அழுதாள். எனக்கு அவளைத் தூக்கத் தெம்பு வரவில்லை. அந்த அம்மா குனிந்து, "வா, கூட்ஸு வண்டி வருது, எத்தன பெட்டின்னு எண்ணலாம்" என்று சொல்லி, அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு ரயில்வே கேட்டுப் பக்கம் நடந்தார்கள். அவள் அவர்கள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பியது தெருமுனை வரைக்கும் கேட்டது.

வண்டி போன பிறகு நான் வீட்டைப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனேன். அன்றைக்குச் சூளை பிரிக்கிற நாள். ஜாடிகள் இன்னும் சூடாக இருந்தன. சாக்குத் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு, மற்றப் பெண்களோடு வரிசையில் நின்று, ஒவ்வொன்றாக வாங்கி வாங்கி வெளியே வைத்தேன்.